வாய்ப்பு: பூஜ்யம்

அந்த மென்பொருள் முதல் நாளே கேட்டது:
நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?
எட்டு புள்ளி ஏழு, எழுபத்தேழு புள்ளி எட்டு என்று தட்டினேன்.
வல்லநாட்டு மலைக்கு மேற்கே, உடைமரக் காட்டுக்குள்,
ஆணிகூடப் பித்தளையில் அடித்த ஒரு குடில்
என்றெல்லாம் எழுத அதில் இடமில்லை.

அன்றிலிருந்து மாலை ஆறானால் சொல்லிவிடும்:
துருவ ஒளி, இன்றிரவு, உங்கள் ஊரில்,
வாய்ப்பு: பூஜ்யம்.
மூன்று வருஷமாக ஒருநாள் தவறியதில்லை.
என் சம்பளம் இத்தனை ஒழுங்காக வந்ததில்லை.

இங்கே காந்த முள் தலை குனியாது.
வடக்கே போகப் போக அது மண்ணை முகரும்,
துருவத்தில் செங்குத்தாய் நிற்கும்.
இங்கே மட்டமாய்ப் படுத்துக்கிடக்கும்,
மதியச் சாப்பாடு முடித்த கொத்தனார் மாதிரி.
அதற்காகத்தான் இந்தக் காடு, இந்தக் குடில், இந்த ராத்திரி.

உள்ளே போகுமுன் கொண்டை ஊசி, சாவிக்கொத்து, பெல்ட்
எல்லாம் வாசல் டப்பாவில்.
தாலியில் கோத்த ஊக்கு ஒன்று, அதுவும்தான்.
வீட்டில் அதைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை.

ஞாயிறு வெடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.
செவ்வாய் நடுநிசி தாண்டி ஒரு மணிக்கு அலாரம்.
பதினைந்து லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால்
தனியே மிதக்கும் ஒரு செயற்கைக்கோள்
காற்று வினாடிக்கு எண்ணூறு கிலோமீட்டர் என்றது.
புலம் தெற்கே திரும்பிவிட்டது என்றது.
தெற்கே திரும்பினால் கொண்டி கழன்ற மாதிரி.
இன்னும் அரை மணி நேரம்.
ஃபிளாஸ்கில் காப்பி இருந்தது. ஊற்றினேன்.

திரையில் உருண்டையின் உச்சியில் கிடந்த பச்சை வளையம்
பெருத்தது, சிவந்தது,
நழுவிய தலைப்பாகையாய்
நார்வே தாண்டி ஜெர்மனி வரை இறங்கியது.
கேபி ஒன்பது. அதற்கு மேல் எண் கிடையாது.
அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம்.
யாரோ தட்டைப் பாதியில் விட்டு மாடிக்கு ஓடியிருப்பார்கள்.

உங்கள் ஊரில் வாய்ப்பு: பூஜ்யம்.

ஆனால் என் கோடு விழத் தொடங்கியிருந்தது.
நாற்பதாயிரத்தில் ஐம்பது போயிற்று, நூற்றிருபது, இருநூற்றெண்பது.
அங்கே வானம் எரிகிற அதே நேரம்
இங்கே கிணற்றில் வாளி இறங்குகிறது,
கப்பி சத்தம்கூட இல்லாமல்.
வெளியே வந்து அண்ணாந்தேன். அதே நட்சத்திரங்கள்.
தூத்துக்குடி ரோட்டில் ஒரு உப்பு லாரி.

இரண்டு பதிமூன்றுக்கு ஒரு துள்ளல்.
மேல்நோக்கி, கூராக, முப்பது நானோடெஸ்லா.
சூரியன் இப்படிக் கிள்ளாது.
பிளாஸ்டிக் டார்ச்சோடு ஓடினேன்.
வேலிக்கு உள்ளே, உணரி புதைத்த மேட்டை ஒட்டி
ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி, அதன்மேல் ஒரு குட்டி ஆடு,
இரண்டையும் பிடித்தபடி சுடலைக்கண்ணு.

"கிடைக்குப் போற வழில பெட்ரோல் தீந்துட்டுக்கா.
வெளிச்சம் தெரிஞ்சுது, உருட்டிட்டு வந்தேன்."
"எல, மொதல்ல வண்டிய ரோட்டுக்குத் தள்ளு!"
"வண்டி என்னக்கா செஞ்சுது?"
"சூரியனக் கெடுத்துட்டு."

வானத்தைப் பார்த்தான். சூரியனைக் காணோம்.
என்னைப் பார்த்தான்.
ஆட்டுக்குட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டான்.

கேட்டுக்கு வெளியே நின்ற என் ஸ்கூட்டியிலிருந்து
அரை லிட்டர் உறிஞ்சிக் கொடுத்து அனுப்பினேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
இரண்டு பதிமூன்று முதல் இரண்டு இருபத்தொன்று வரை
மொபெட் ஒன்று, ஆடு ஒன்று. கணக்கில் சேர்க்க வேண்டாம்.
பிறகு ஆட்டை மட்டும் அடித்தேன்.
ஆட்டில் இரும்பு இல்லை.

நாலே காலுக்கு வாளி தரை தட்டியது,
மைனஸ் நானூற்றுப் பன்னிரண்டு.
மறுபடி மேலே வர நாலைந்து நாளாகும்.
டப்பாவைத் திறந்து ஊக்கை எடுத்துக் கோத்துக்கொண்டேன்.
கை பெட்ரோல் வாடை அடித்தது.

கிழக்கே, கடல் பக்கம், வானம் சிவந்து வந்தது.
மென்பொருள் அதைக் கணக்கில் வைப்பதில்லை.